சபையிலிருந்து நீதிமன்றத்துக்கு ஒரு வழி இருந்தது

1952 தேர்தலுக்குப் பிறகு கூடிய சென்னைச் சட்டசபையில் உறுப்பினர்கள் 375 பேர். ஒரிசா எல்லையிலிருந்து மலபார்க் கரை வரைக்கும் ஒரே ராஜ்யம். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நான்கும் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். காஞ்சிபுரத்தின் உறுப்பினரும், தலச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள கூத்துப்பறம்பின் உறுப்பினரும் சகாக்கள். அரசினர் தோட்டத்தில் அவர்களுக்காகவே புதிதாகக் கட்டப்பட்ட அந்த மண்டபம்தான் பின்னாளில் கலைவாணர் அரங்கம் ஆனது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டியிருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் இடைவெளி விட்டு உட்கார வேண்டி வந்தபோது சட்டசபை சில காலம் மறுபடி அங்கே கூடியது. அப்போது உறுப்பினர் எண்ணிக்கை 234.

இன்னொரு கணக்கும் உண்டு. 1952இல் எந்தக் கட்சியின் பெயரிலும் நிற்காமல் சுயேச்சையாக வென்று சென்னைச் சபைக்குள் வந்தவர்கள் அறுபது பேருக்கு மேல். 2021 தேர்தலில் அப்படி வென்றவர் ஒருவரும் இல்லை. கூத்துப்பறம்பில் வென்ற 36 வயது வக்கீல் அந்த அறுபது சொச்சம் பேரில் ஒருவர். பெயர் வி. ஆர். கிருஷ்ணய்யர். சிறை, சட்டசபை, மந்திரிசபை, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஐந்தையும் உள்ளிருந்து பார்த்தவர். அப்படி ஒருவர் இன்று உருவாக முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடியாது என்றே தோன்றுகிறது. அதில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் இருப்பவனுக்கு இந்த யோசனை வரக் காரணம் உண்டு. இது தறிக்காரர் ஊர். இங்கே கோர்ட்டு என்றால் புரோநோட்டு, அமீனா, வாய்தா, ஜாமீன்தார். இந்த நான்கு சொற்களையும் நெசவுக் கூலிக்காரர் குடும்பங்கள் பள்ளிக்கூடம் போகாமலே கற்றுக்கொண்டன. இந்த நான்கிலும் கைவைத்து எழுதிய நீதிபதி கிருஷ்ணய்யர். காஞ்சிபுரத்தை மனத்தில் வைத்து அவர் எழுதவில்லை. கொச்சியின் ஒரு கடன்காரர், மத்தியப் பிரதேசத்தின் ஒரு கொத்தனார், கோழிக்கோட்டின் கயிறு திரிப்பவர்கள், திகார் சிறையின் ஒரு கைதி, இவர்களுக்காக எழுதினார். எழுதியவை எங்கள் தெருவரைக்கும் வந்தன.

அவர் பிறந்தது 1915 நவம்பர் 15, பாலக்காட்டுப் பக்கம் வைத்தியநாதபுரத்தில், தமிழ்க் குடும்பம் ஒன்றில். அப்பா கொயிலாண்டியில் வக்கீல். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம், சென்னைச் சட்டக் கல்லூரியில் வக்கீல் படிப்பு, பிறகு தலச்சேரியில் தொழில். குத்தகை விவசாயிகளும் தொழிற்சங்கக்காரர்களும் அவருடைய கட்சிக்காரர்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948இல் அவரைப் பிடித்து ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். விசாரணையில் போலீஸ் அடிப்பதை எதிர்த்துப் பேசியதுதான் உண்மையான குற்றம். அந்த ஒரு மாதம் பின்னால் எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

அவர் சென்னைச் சபையில் உட்கார்ந்த முதல் ஆண்டுகள் கைத்தறிக்குக் கஷ்ட காலம். நெய்த துணி தேங்கிக் கிடந்தது. வேட்டி, சேலை நெய்வதைக் கைத்தறிக்கே விட்டுவிட வேண்டும் என்று முதலமைச்சர் ராஜாஜி மத்திய அரசைக் கேட்டார். சபைக்கு வெளியே, காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் விற்றார். அவருடைய கட்சி 1952 தேர்தலில் நிற்கவே இல்லை. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் வர 1985 ஆயிற்று. ஆலைக்காரர்களும் விசைத்தறிக்காரர்களும் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1993இல். சபையில் ஒரு கோரிக்கை எழுந்து நீதிமன்றத்தில் நிலைக்க நாற்பது வருஷம். இரண்டு இடமும் தெரிந்தவருக்குத்தான் இந்த நீளம் முழுதாகப் புரியும்.

1956இல் மலபார் கேரளத்தோடு போயிற்று. மறு வருஷம் தலச்சேரியில் கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு மறுபடி சுயேச்சையாக நின்று வென்றார். ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடின் மந்திரிசபையில் சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், பாசனம் என்று பல இலாகாக்கள் அவரிடம் வந்தன. 1957 ஏப்ரல் 5இல் பதவியேற்ற அந்த அரசு, ஆறாம் நாள் குத்தகைக்காரர்களை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டது. தொழில் தகராறில் முதலாளி பக்கம் போலீஸ் போய் நிற்காது என்று அறிவித்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் எந்தப் போலீஸ் தன்னைப் பிடித்துக்கொண்டு போனதோ அதற்கும், எந்தச் சிறையில் அடைத்தார்களோ அதற்கும் அவரே பொறுப்பு. 1959 ஜூலை 31இல் மத்திய அரசு அந்த மந்திரிசபையைக் கலைத்தது. 1960 தேர்தலில் மிகச் சில வாக்குகளில் தோற்றார். தேர்தல் மனு போட்டு, அதில் ஜெயித்து, சபைக்குத் திரும்பினார். அன்று தேர்தல் மனுவை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் இருந்தது. 1966இல் சட்டத்தைத் திருத்தி அந்த வேலையை உயர் நீதிமன்றங்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

1965இல் மறுபடி தோல்வி. இன்றைய அரசியல்வாதி என்றால் அடுத்த தேர்தல் வரை காத்திருப்பார், இல்லாவிட்டால் வாரியத் தலைவர் பதவி எதையாவது தேடுவார். கிருஷ்ணய்யர் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வாதாடப் போனார். 1968 ஜூலையில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 1971இல் சட்ட ஆணையத்தில் உறுப்பினர். 1973 ஜூலை 17இல் உச்ச நீதிமன்றம்.

அந்த 1973ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏப்ரல் மாதம் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ. என். ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கியது இந்திரா காந்தியின் அரசு. நாடாளுமன்றத்தில் அதை நியாயப்படுத்திப் பேசியவர் தமிழகத்தைச் சேர்ந்த மந்திரி மோகன் குமாரமங்கலம். தாண்டப்பட்ட மூவரும் பதவியை விட்டு விலகினார்கள். அவர்களில் ஒருவரான கே. எஸ். ஹெக்டே 1952 முதல் 1957 வரை காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவையில் இருந்தவர். சபையிலிருந்து வந்த ஒரு நீதிபதி கௌரவத்தோடு வெளியே போக, சபையிலிருந்து வந்த இன்னொருவர் உள்ளே வந்தார். முன்னாள் மந்திரி, அதுவும் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் இருந்தவர் நீதிபதியா என்று பம்பாய் வழக்கறிஞர்கள் பலர் எதிர்த்தார்கள். சோலி சொராப்ஜியும் எதிர்த்தவர்தான். பிற்காலத்தில் அதற்காக வருந்தி, கிருஷ்ணய்யரை மனமாரப் புகழ்ந்தார்.

எதிர்த்தவர்களின் சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருஷத்துக்குள் அது சோதனைக்கு வந்தது. 1975 ஜூன் 12இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று தீர்த்தது. உச்ச நீதிமன்றத்தில் கோடை விடுமுறை, விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். சட்ட மந்திரி கோகலே அவரைச் சந்திக்க வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். மனு போடுவதாக இருந்தால் பதிவாளரிடம் போடலாம், தன்னைப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பிரதமருக்காகப் பல்கிவாலா வாதாடினார், எதிர்த்தரப்பில் சாந்தி பூஷண். ஜூன் 24இல் தீர்ப்பு: பிரதமராகத் தொடரலாம், சபையில் பேசலாம், ஆனால் உறுப்பினர் என்ற முறையில் வாக்களிக்கவோ சம்பளம் வாங்கவோ கூடாது. அவரை நியமித்த அரசு கேட்ட முழுத் தடையை அவர் தரவில்லை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன்.

அந்த நாளில் பிள்ளையார்பாளையத்து வீடு என்றால் முன்கட்டு முழுக்கத் தறி. தறிக்குழியில் காலை விட்டு நெசவாளர் உட்கார்ந்திருப்பார். பின்கட்டில் அடுப்பு. விடிகாலையில் தெருவில் நீளமாகப் பாவு போட்டுச் சிக்கெடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. நெசவாளர் தன் பக்கத்துக் கரை நாடாவை எறிந்து, உடல் நாடாவை எறிவார். மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் அதைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரையின் நாடாவை எறிய வேண்டும். கரையும் உடலும் இணையும் இடத்தில் பல் பல்லாக நூல் கோத்துக்கொண்டு நிற்கும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்ற பேர் அதனால் வந்தது. மறுபக்கத்தில் உட்கார்ந்த அந்த ஆள் பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தை. பல வீடுகளில் சொந்தக் குழந்தை. சில இடங்களில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வந்து உட்கார்ந்த அடுத்த வீட்டுக் குழந்தை.

முன்பணம்தான் இந்தத் தொழிலின் முடிச்சு. கூலிக்கு நெய்பவருக்கு நூலும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். கல்யாணம், பிரசவம், கூரை மாற்றுவது எல்லாவற்றுக்கும் முதலாளியிடமே பணம். கடன் நிற்கிறவரை வேறு முதலாளிக்குப் பாவு ஏற்ற முடியாது. புதிய முதலாளி பழைய கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. கடனோடு ஆளும் கைமாறுவார். இதைக் கொத்தடிமை என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள், கணக்கு என்பார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது, நெருக்கடி நிலையின் நடுவில். பேச்சுரிமை இல்லாத காலத்தில் பிறந்த ஒரு சட்டம் பேச வாயில்லாதவர்களுக்கு உதவியது என்பதை மனசுக்குள் எப்படி வைத்துக்கொள்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

கடனைக் கட்டாதவரைச் சிவில் சிறையில் போடலாம் என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. தறியை ஜப்தி செய்ய முடியாது. கைவினைஞரின் கருவிகளுக்குச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு விலக்குத் தந்திருக்கிறது. தறி தப்பும், தறிக்காரர் தப்பமாட்டார். 1980 பிப்ரவரியில் கொச்சி வங்கி ஒன்றின் கடன் வழக்கில், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் என்பவரைக் கைது செய்யலாமா என்ற கேள்வி கிருஷ்ணய்யரிடம் வந்தது. கட்ட வசதியிருந்தும் வஞ்சகமாகக் கட்டாமல் இருந்தால் ஒழிய, கடன்பட்ட குற்றத்துக்காக ஒருவரைச் சிறையில் தள்ள முடியாது என்று அவர் தீர்த்தார். இல்லாமை குற்றமாகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். முந்தின வருஷம்தான் இந்தியா ஏற்றுக்கொண்டிருந்த சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் பிரிவை அதற்குத் துணையாக எடுத்துக்கொண்டார். குத்தகைக்காரர்களின் கடனைத் தலச்சேரியில் வழக்கு வழக்காகப் பார்த்தவருக்கு, கட்ட முடியாதவருக்கும் கட்ட மாட்டாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்று முதலாளியின் கணக்குப் புத்தகம் மெலிந்துவிட்டது. கடன் குறையவில்லை, கொடுக்கிற கை மாறியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் குழுக்கடன் வசூலுக்கு ஆள் வருவார்கள். பெண்கள் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்த்துக் கட்டுவார்கள். செல்போனில் வாங்கிய கடனுக்குச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போகும். இந்த வசூல் அமீனாவையும் கேட்பதில்லை, நீதிமன்றத்தையும் கேட்பதில்லை. அவமானம் போதும். வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டசபை 2025இல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. 1980இல் ஒரு நீதிபதி செய்ததை இப்போது சபை தன் வழியில் தொடர்கிறது. வரவேற்கிறேன்.

ஜாமீன் கதையும் இதைப் போன்றதே. 1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரை ஜாமீனில் விடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும், கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தார் கேட்டார். அண்ணன் தம்பி வந்து நின்றால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளினார். கிருஷ்ணய்யர் அதை 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைப் பத்திரமாகக் குறைத்து ஆளை வெளியே விடச் சொன்னார். ஏழைக்குப் பத்தாயிரம் என்பது ஜாமீன் மறுப்பதற்குச் சமம் என்பதை அவர் விளக்கிய விதம் இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துச் சொல்வது. ஆனாலும் ஜாமீன் கிடைத்த பிறகும் ஜாமீன்தார் கிடைக்காமல் உள்ளே கிடக்கும் ஏழைகள் இருக்கிறார்கள். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டம், முதல் முறை வழக்கில் சிக்கியவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் பிணையில் விடச் சொல்கிறது. தூக்குக்கோ ஆயுளுக்கோ உரிய வழக்குகளுக்கு அது பொருந்தாது. முன்னேற்றம்தான். 1978க்கும் அதற்கும் நடுவில் நாற்பத்தாறு வருஷம்.

திகார் வழக்கில்தான் 1948இன் அந்த ஒரு மாதம் தெரிகிறது. தூக்குத்தண்டனைக் கைதி சுனில் பத்ரா தன்னைத் தனிக்கொட்டடியில் வைத்ததை எதிர்த்தபோது நீதிபதிகள் திகாருக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். சிறைக்குள் போனதும் ஒருவருடைய அடிப்படை உரிமைகள் வாசலோடு நின்றுவிடுவதில்லை என்று 1978இல் தீர்ப்பு வந்தது. பிறகு அதே பத்ரா, பக்கத்துக் கைதியை வார்டர் பணத்துக்காகச் சித்திரவதை செய்ததைப் பற்றி நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் இல்லை. சிறையிலிருந்து எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அந்தக் கடிதத்தைப் படித்த நீதிபதிக்குத் தெரியும். இன்று இணையவழியில் மனுத் தாக்கல் செய்யலாம், காணொலியில் விசாரணையைப் பார்க்கலாம். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போய்ப் பிற்பகல் வரை காத்திருந்து வாய்தா வாங்கித் திரும்பும் அலைச்சல் சில வழக்குகளிலாவது குறைந்திருக்கிறது. கடிதம் எழுதினால் யாராவது படிப்பார்கள் என்ற நம்பிக்கை அதே அளவு கூடியிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சட்ட உதவிக்கும் அவரே ஆரம்பம். அவர் தலைமையில் அமைந்த குழு 1973இல் அறிக்கை கொடுத்தது. 1976இல் அரசியலமைப்பில் 39ஏ பிரிவு சேர்ந்தது. 1987இல் சட்டம் நிறைவேறி, 1995 நவம்பர் 9இல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று தாலுகாவரைக்கும் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும் காவலில் உள்ளவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் கிடைப்பார். எங்கள் பகுதியில் இன்று ஒரு பெண் ஜீவனாம்ச வழக்குக்காகக் காதுத் தோட்டை அடகு வைக்காமல் கோர்ட்டுக்குப் போக முடிகிறது. அவளுடைய பாட்டி காலத்தில் அது நடக்காது.

அவரிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவருடைய ஆங்கிலம். யாருக்காகத் தீர்ப்பு எழுதினாரோ அவர்கள் ஒரு வரிகூடப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு அலங்காரமானது. இளம் வக்கீல்களே அகராதியோடு உட்காருவார்கள். இப்போது உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிடுகிறது. 2019இல் அது தொடங்கியபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை, தமிழ்நாட்டிலிருந்து குரல் எழும்பிய பிறகு சேர்த்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் இன்றைய நிலைமை அன்றைக்கு எவ்வளவோ மேல்.

ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு இன்று அதிகம் தேவைப்படுகிற தீர்ப்பு வேறொன்று. கோர்வைக்கு மறுபக்கம் உட்கார்ந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். இந்த ஊர் அடைந்த லாபங்களில் அதைவிடப் பெரிது எதுவும் இல்லை. படித்து முடித்தவர்கள் தறிக்குத் திரும்பவில்லை. காலை ஷிப்டுக்கு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். பல வீடுகளில் தறியைப் பிரித்துவிட்டு முன்கட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கோர்வை நெய்யும் தறிகளில் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பக்கமும் உட்காருகிறார்கள். அந்தக் கைப்பாங்கு அவர்களோடு நின்றுவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு.

கம்பெனிக்குப் போகிறவர்களில் பலர் காண்டிராக்ட் ஆட்கள். வேலை செய்வது ஒரு தொழிற்சாலையில், சம்பளம் போடுவது இன்னொரு நிறுவனம். வேலையை விட்டு நிறுத்தினால் யாரிடம் போய் நிற்பது? இதே கேள்வி கோழிக்கோட்டுக் கயிறு ஆலையிலிருந்து 1978இல் கிருஷ்ணய்யரிடம் வந்தது. ஆட்களை எடுத்தது காண்டிராக்டர்கள், அதனால் அவர்கள் எங்கள் தொழிலாளிகள் அல்ல என்றார் ஆலைக்காரர். யாருடைய தொழிலுக்காக அந்த உழைப்பு நடக்கிறதோ, யார் கையை விரித்தால் அவர்கள் பிழைப்பு நின்றுபோகுமோ அவரே முதலாளி, நடுவில் தொங்கும் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று சின்னத் தீர்ப்பு ஒன்றை எழுதினார். நூலும் ஜரிகையும் கொடுத்து, டிசைன் சொல்லி, சேலையை எடுத்துக்கொண்டு போகிறவர் யார் என்று தெரிந்த நெசவாளருக்கு இதை விளக்கவே வேண்டாம். 2001இல் இந்திய உருக்காலை ஆணையம் சம்பந்தப்பட்ட வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காண்டிராக்ட் முறை தடை செய்யப்பட்ட இடத்தில்கூட அந்தத் தொழிலாளர்கள் தாமாகவே ஆலையின் ஆட்கள் ஆகிவிட மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. காண்டிராக்ட் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் மட்டும் பலன் உண்டு. நிரூபிக்கிற பாரம் பஸ் ஏறிப் போகிற பிள்ளையின் தலையில்.

இப்போது வழிக்கு வருகிறேன். சபையிலிருந்து நீதிமன்றத்துக்கு வரும் வழி ஏன் அடைபட்டது என்பதற்கும் ஒரு மனிதர் சாட்சி. அஸ்ஸாமின் பஹருல் இஸ்லாம் 1962 முதல் காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர். 1972இல் உயர் நீதிமன்ற நீதிபதி. 1980 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அதே வருஷம் டிசம்பரில் அவரை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1982 டிசம்பரில், பீகாரின் காங்கிரஸ் முதல்வராக இருந்த ஜகந்நாத் மிஸ்ரா மீதான வழக்கைத் திரும்பப் பெற அனுமதித்த தீர்ப்பில் அவர் பெரும்பான்மைப் பக்கம். மறு மாதம் பதவி விலகி, காங்கிரஸ் வேட்பாளர் ஆனார். அந்த வருஷமே மாநிலங்களவைக்குத் திரும்பினார். கிருஷ்ணய்யரையும் ஹெக்டேயையும் கொடுத்த அதே வழியில் இதுவும் வந்தது.

1993இல் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் மூத்த நீதிபதிகளின் கொலீஜியத்திடம் வந்தபின் அந்த வழி ஏறக்குறைய மூடிக்கொண்டது. கிருஷ்ணய்யர் சேர்ந்தபோது உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியையும் சேர்த்து 14 இடங்கள், 2019இல் அது 34 ஆனது. இடம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியும், தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்ட ஒருவரை அங்கே பார்ப்பது அரிதாகிவிட்டது. 2023 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு விக்டோரியா கௌரி நியமிக்கப்பட்டபோது, அவர் பா.ஜ.க. மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர் என்பதற்காகவே உச்ச நீதிமன்றம்வரை வழக்குப் போயிற்று. பதவியேற்ற நாளிலேயே வழக்கு தள்ளுபடி ஆனது. அவர் எந்தச் சபையிலும் உறுப்பினராக இருந்ததில்லை.

எதிர்த்திசையில் மட்டும் போக்குவரத்து தாராளம். தலைமை நீதிபதியாக இருந்த ரஞ்சன் கோகோய் ஓய்வு பெற்ற நான்கே மாதத்தில், 2020 மார்ச்சில், மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அபிஜித் கங்கோபாத்யாய 2024 மார்ச்சில் நீதிபதிப் பதவியை விட்டு, அதே வருஷம் தம்லுக் தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். எங்கள் பக்கத்து பி. சதாசிவம், தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்ற 2014ஆம் ஆண்டே கேரள ஆளுநர். மக்களிடம் கற்றுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போவது ஒன்று, நீதிமன்றத்தில் சேர்த்த மதிப்பை எடுத்துக்கொண்டு அரசியலுக்குப் போவது வேறொன்று. முன்னதைத்தான் நாம் அடைத்திருக்கிறோம். சட்டம் அடைக்கவில்லை, பழக்கம் அடைத்திருக்கிறது. எது நீதிமன்றத்தின் மேல் அதிகச் சந்தேகத்தைக் கொண்டுவருகிறது என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன்.

சபையிலிருந்து நீதிமன்றத்துக்குப் போவதை வேறு நாடுகளும் பார்த்திருக்கின்றன. பிலிப்பைன்ஸில் செனட்டராக இருந்த கிளாரோ ரெக்டோ 1935இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார், மறு வருஷமே விலகினார். முன்னாள் செனட்டர் ஹோசே லாரெல் 1936இல் அதே நீதிமன்றத்துக்கு வந்து, ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது நாட்டின் அதிபராகவும் இருந்தார். அமெரிக்காவில் செனட்டர் ஹியூகோ பிளாக் 1937இல் போய் முப்பத்து நான்கு வருஷம் நீதிபதியாக இருந்தார். அரிசோனா மாநிலச் சபையில் இருந்த சாண்ட்ரா டே ஓகானர் 1981இல் அங்கே முதல் பெண் நீதிபதி. அவருக்குப் பின் தேர்தலில் வென்று சட்டமியற்றும் சபையில் உட்கார்ந்த ஒருவரும் அந்த நீதிமன்றத்துக்கு வரவில்லை.

கிருஷ்ணய்யர் 1980 நவம்பரில் ஓய்வு பெற்றார். ஆளுநர் பதவியோ மாநிலங்களவை இடமோ அவர் வாங்கவில்லை. 1987இல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, நம் ராஜாமடத்துக்காரரான ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். கொச்சி வீட்டில் உட்கார்ந்து கடைசிவரை எழுதினார், பேசினார், மனு எழுதத் தெரியாமல் வந்தவர்களுக்கு வழி சொன்னார். நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை அவருக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படையான ஆணையம் ஒன்று வேண்டும் என்றார். 2014 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அப்படி ஓர் ஆணையத்துக்கான திருத்தத்தை நிறைவேற்றியது. டிசம்பர் 4இல், 99ஆம் வயதில், அவர் காலமானார். 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது.

அரசாங்கத்தின் கை நீதிமன்றத்துக்குள் நீளக் கூடாது என்பதற்காக அந்த ரத்தை நான் ஏற்கிறேன். அதற்காக, கொலீஜியத்தின் பட்டியலில் தறிக்குழியையும் வசூல் நாளையும் வாக்காளர் வீட்டுத் திண்ணையையும் அறிந்த ஒருவர் வரவே கூடாது என்பதை ஏற்க முடியவில்லை. பிள்ளையார்பாளையத்திலிருந்து சட்டம் படிக்கப் போகிற பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி தேர்தலில் நின்று, ஒரு முறை சபையில் உட்கார்ந்து, பிறகு நீதிபதியாக விரும்பினால், நீ ஓட்டுக் கேட்டவள் என்ற ஒரே காரணத்துக்காக அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவள் எழுதிய வாதங்களைப் பார்க்கட்டும், சபையில் பேசியதைப் பார்க்கட்டும், யாருக்கெல்லாம் வாதாடினாள் என்று பார்க்கட்டும். கிருஷ்ணய்யரை 1968இல் அப்படிப் பார்த்திருந்தால் போதுமான சான்று இருந்தது.